வேட்டைக்கென ஊர் தேடலாமா?

ஒருவன் தான் வாழும் ஊரைத் தானே தேர்ந்துகொள்வது என்பது நம் போன்றோர்க்குப் புதிய செய்தி. நம் முன்னோரிற் பெரும்பாலோர் பிறந்த மண்ணிலேயே இருந்து மறைந்தனர். மற்றையோரைப் பஞ்சமும் கங்காணியும் கப்பலும் இழுத்துச்சென்று வேறு மண்ணில் இருத்தின. இலங்கை மலைத்தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர்க் காடுகளுக்கும் போனவர்கள் அங்குள்ள காற்றையும் நீரையும் விரும்பியா போனார்கள்? நமக்கு ஊரைத் தேர்ந்து கொடுத்தது ஆலைச் சங்கு. திருவனந்தபுரத்தின் ஓரத்தில் ஒரு பஞ்சாலையில் பதினெட்டாம் வயதில் டாஃபராகச் சேர்ந்தபோது, முதற்சங்கு காதில் விழும் தொலைவில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்குமா என்பதைத் தவிர வேறொன்றும் நாம் பார்த்ததில்லை. கிழக்கே மலை இருந்தது. மேற்கே கடல் இருந்தது. இரவு ஷிப்டு முடிந்து, தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு வந்து படுத்து எழுபவனுக்கு மலையும் கடலும் ஒன்றே. இரண்டும் கண்ணிற் படுவதில்லை.

இப்பொழுது காலம் வேறு. நம்மோடு ரிங் பிரேமில் ஒரே வரிசையில் நின்ற தோழர் ஒருவரின் மகன் கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் பணியாற்றுகின்றான். 1990இல் அந்தத் தொழிற்பூங்கா தொடங்கப்பெற்ற காலத்தில் நாம் அவ்வழியே மிதிவண்டியிற் போனதுண்டு. நம் வீட்டுப் பிள்ளையொருவன் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அதனுள்ளே நுழைவான் என்று அன்று கனவிலும் நினைத்தோமில்லை. பையன் நல்லவன். குடியறியான், சூதறியான். அவனுக்குள்ள ஒரே பித்து வில். சக்கரங்கள் பூட்டிய புதுவகை வில் ஒன்றை வாங்கி வைத்திருக்கின்றான். மொட்டைமாடியில் வைக்கோற்கட்டை நிறுத்தி, விடியுமுன் எழுந்து அம்பெய்து பழகுவான். விடுமுறை வந்தால் பொன்முடி, கல்லாறு, பேப்பாறை என்று மலையடிவாரங்களில் அலைந்து, கால்களில் அட்டைக்கடியோடு திரும்புவான்.

அவனுடைய நிறுவனம் அவனை அமெரிக்க நாட்டுக்கு அனுப்ப முன்வந்தது. விரும்பிய மாநிலத்தில் இருந்துகொண்டு வேலை பார்க்கலாமாம். அவன் ஒரு தாளிற் கட்டம் போட்டு, விஸ்கான்சின், ஐயோவா, மாண்டானா என்று மாநிலங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வேட்டைப் பருவம் எத்தனை நாள், பொதுமக்கள் நுழையக்கூடிய காடு எவ்வளவு, உரிமக் கட்டணம் என்ன, பள்ளிக்கூடம் எப்படி, பனி எத்தனை மாதம் என்றெல்லாம் குறித்துக்கொண்டு நம்மிடம் வந்தான். ஐயோவாவிற் குடியிருப்பவனுக்கு மான்வேட்டைச் சீட்டு எளிதிற் கிடைக்குமாம். வெளிமாநிலத்தான் குலுக்கலிற் பெயர் விழுமளவும் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டுமாம். ஆகவே நல்ல வேட்டைக்கென்றே வீடு மாற்றிக் குடியேறுவோர் அந்நாட்டில் உண்டு என்றான்.

"பெரியப்பா, கடலை விரும்புகிறவன் கடற்கரையில் வீடு பார்க்கிறான். கோயிலை விரும்புகிறவன் கோட்டைக்குள் வீடு பார்க்கிறான். நான் வில்லையும் காட்டையும் விரும்புகிறேன். அதற்கேற்ற ஊரைத் தேடிப் போனால் அது பாவமாகுமா?" என்று வினவினான்.

மறுநாள் இரவு அவன் தந்தை வந்தார். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்குத் தவறாது வருபவர், பஞ்சசீலம் ஏற்றவர். "அண்ணாச்சி, கொல்லாமையை எடுத்துச் சொல்லி அவனைத் தடுத்து நிறுத்துங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார். சொல்லியிருக்கலாம். முதற்சீலம் சிறு குழந்தைக்கும் தெரிந்ததன்றோ? எனினும் நமக்கு நாக்கு எழவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். 1972ஆம் ஆண்டு இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட அது தொடக்கத்தில் இடங்கொடுத்திருந்தது. 1991இற் செய்த திருத்தம் அந்தக் கதவையும் அடைத்துவிட்டது. ஆகவே மானை எய்யும் எண்ணத்தோடு இங்கே ஒருவன் ஊர் பார்க்க இயலாது. தம்பி முதலில் நெய்யாற்றுப் பக்கம் பத்து சென்ட் நிலம் வாங்கிக் குடியேறவே எண்ணினானாம். நெய்யாற்றுச் சரணாலயம் 1958இலும் பேப்பாறைச் சரணாலயம் 1983இலும் அமைந்தவை. முன்னது 128 சதுர கிலோமீட்டர், பின்னது 53. அவற்றின் ஓரத்தில் மரச்சீனி பயிரிடுவோர் படும் பாட்டை நாம் நேரிற் கண்டிருக்கின்றோம். காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பைக் கிளறிப் போட்டுவிடும். 2022இல் கேரள அரசு, பயிரழிக்கும் பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. உரிமமுள்ள துப்பாக்கியாற் சுடலாம்; நஞ்சும் வெடியும் மின்கம்பியும் கூடா என்பது விதி. அந்தப் பன்றியை வில்லால் எய்யலாமா என்று தம்பி ஓர் அலுவலகத்திற் போய்க் கேட்டானாம். கேட்டவர் சிரித்துவிட்டுத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து அனுப்பினாராம்.

சிரிக்கத்தக்க செய்திதான். ஆயினும் அதனுள்ளே ஒரு வேறுபாடு மறைந்து கிடக்கின்றது. பயிரைக் காக்கப் பன்றியைச் சுடும் உழவனும் கொல்கின்றான். அதைக் கொலையன்று என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்த உழவன் பன்றியே இல்லாத ஊரை விரும்புகின்றான். வேட்டையை விரும்புபவன் பன்றி மலிந்த ஊரை விரும்புகின்றான். ஒரே குண்டு, ஒரே பன்றி, விருப்பம் இரண்டு.

நம் நகரத்திலும் வில்வேட்டை ஒன்று நடைபெறுகின்றது. ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமி கோயில் திருவிழாவில், ஆறாட்டுக்கு முந்திய இரவு பள்ளிவேட்டை. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வில்லேந்தி முன்செல்ல, ஊர்வலம் மேளமின்றி ஓசையின்றிச் சென்று, கோட்டைக்குள் சுந்தரவிலாசம் அரண்மனைக்கருகே நிற்கின்றது. அங்கே ஓர் இளநீர் வைக்கப்பட்டிருக்கும். அதன்மேல் அவர் அம்பெய்கின்றார். அதன் பின்னரே வாத்தியங்கள் முழங்க ஊர்வலம் திரும்புகின்றது. மறுநாள் ஆறாட்டு ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதையும், அதன் பொருட்டுச் சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படுவதையும் நகரத்தார் அறிவர். இவ்விழாவின் சமயப்பொருள் நம் ஆராய்ச்சிக்குரியதன்று. வேட்டைக்குரிய மௌனம் இருக்கின்றது, இருட்டு இருக்கின்றது, நாணொலி இருக்கின்றது. சிந்துவது இளநீர் என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றோம். இதைத் தம்பியிடம் கூறியபோது, "அது வேட்டையன்று பெரியப்பா, வேட்டையின் நினைவு" என்றான். அவன் சொன்னது சரியென்றே நமக்கும் பட்டது. நினைவாக மட்டும் நின்றுவிட்டதே அதன் நலம் என்பது நம் எண்ணம். அவன் எண்ணம் வேறு.

"காணிக்காரர் வில் பிடிக்கவில்லையா?" என்றும் கேட்டான். பிடித்தார்கள். 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்தின் சாரற்காடுகளில் வாழும் அம்மக்கள் முற்காலத்தே வில்லும் அம்பும் கையாண்டவர்களே. வயநாட்டுக் குறிச்சியர் தம் வில்லைக் கொண்டே பழசிராஜாவின் பக்கம் நின்று கும்பினியாரை எதிர்த்தனர். 1812இல் மீண்டும் கிளர்ந்தெழுந்தனர். ஆனால் இவர்களில் ஒருவரேனும் கட்டம் போட்டுக் காட்டைத் தேர்ந்தவரல்லர். காடு அவர்களுக்குப் பிறப்பு. 1987இற் காட்டுக்குள் சென்ற தாவர அறிஞர் சிலர் களைத்துப்போய் நிற்க, வழிகாட்டி வந்த காணிகள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு களைப்பின்றி நடந்தார்களாம். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து பின்னர்ப் பாலோட்டு ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்ற மருந்தை ஆக்கிற்று. காட்டில் வாழ்தல் என்றால் அது. சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பும் நம் பிள்ளை மலை நடையை ஏளனம் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை; காட்டுக்குள் இருத்தல் வேறு, காட்டை விரும்பிப் போதல் வேறு என்பதற்காகச் சொன்னோம்.

இனி அவன் போக விரும்பும் நாட்டைப் பற்றி. வில்வேட்டை அங்கே ஒரு பொழுதுபோக்காக வளர்ந்த கதையைத் தம்பியே நமக்குக் கூறினான். சில நாள் நமக்கு உறக்கம் வரவில்லை. 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊரில், ஆடுமாடு வெட்டும் கொட்டில் ஒன்றினருகே, பசியால் மெலிந்த ஒரு மனிதர் அகப்பட்டார். யாகி என்னும் பழங்குடியின் கடைசி மனிதர் அவர். பொன் தேடியும் நிலம் தேடியும் வந்த வெள்ளையர் அவருடைய இனத்தாரைக் கொன்று தீர்த்திருந்தனர். அவர் தம் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. அவர் மொழியில் மனிதன் என்று பொருள்படும் இஷி என்னும் சொல்லையே அறிஞர்கள் அவருக்குப் பெயராக இட்டனர். சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தில் அவரைக் குடிவைத்தனர். அங்கே அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்பவர் அவரிடம் வில் செய்யவும், அம்பு கூட்டவும், பதுங்கவும், எய்யவும் கற்றார். 1916இல் இஷி காசநோயால் இறந்தார். 1923இல் போப் வில்வேட்டையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதைப் படித்து வில்லெடுத்தோர் பலர். 1961இல் போப்பின் பெயரையும் அவர் தோழர் ஆர்தர் யங்கின் பெயரையும் இணைத்து வில்வேட்டையர் கழகம் ஒன்று தோன்றிற்று.

வேட்டைக்கேற்ற ஊர் எது என்று கட்டம் போடுவோர் கற்ற கலை, வாழ ஊரே இல்லாமற் போன ஒருவரிடமிருந்து வந்தது. இதைக் கேட்டு அப்பிள்ளை தலைகுனிந்தான். அவன் மீது குற்றமில்லை. நாம் நெய்த துணியை உடுத்தியவர் அனைவரும் நம் நுரையீரலை அறிந்தா உடுத்தினார்கள்?

அவனுடைய வாதங்களையும் மறைக்காமற் கூறுதல் நேர்மை. "கோழிக்கடைக்குப் போகிறவர் யாரும் பாவம் பற்றிக் கேட்பதில்லை. கூண்டுக்குள்ளே பிறந்து, வெயில் காணாமல் வளர்ந்து, ஆறு வாரத்தில் வெட்டுப்படுகிற கோழியைவிட, காட்டில் விருப்பம்போல் வாழ்ந்து ஓர் அம்பில் முடிகிற மான் நல்வாழ்வு வாழ்ந்ததல்லவா?" என்றான். அந்நாட்டின் பல இடங்களில் ஓநாய்களை ஒழித்துவிட்டமையால் மான்கள் பெருகி, இளமரங்களைத் தின்றழிப்பதையும், நெடுஞ்சாலைகளில் வண்டிகளில் மோதி மடிவதையும் எடுத்துக்காட்டினான். வேட்டைக் கருவிகளின்மேல் வாங்கும் வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே செலவிட 1937இல் அங்கே சட்டம் செய்தார்கள் என்றும், வில்லும் அம்பும் பிற்காலத்தில் அவ்வரிக்குள் வந்தன என்றும் கூறினான்.

கோழிக்கடை வாதத்திற்கு நம்மிடம் விடையில்லை. மீன்குழம்பில்லாமற் சோறிறங்காத உபாசகர் பலரை நாம் அறிவோம். பகவன் புத்தர் பிக்குகளுக்கு விதித்ததும், தம் பொருட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டிருத்தலோ கேட்டிருத்தலோ ஐயுறுதலோ இல்லாத ஊனை ஏற்கலாம் என்பதே. கடைக்கறி தின்பவன் வில்காரனைப் பார்த்து முகஞ்சுளித்தால், கொலையைக் கூலிக்கு விட்டவன் தானே செய்பவனை இகழ்வதாக முடியும். மான்பெருக்கத்தின் செய்தியும் உண்மையே. ஆனால் ஒன்று கேட்டோம்: "அந்த மாநிலத்தில் ஓநாய் திரும்பி வந்து, மான் குறைந்து, வேட்டைப் பருவத்தை அரசு நிறுத்திவிட்டால் நீ மகிழ்வாயா, வேறு மாநிலம் பார்ப்பாயா?" அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "வேறு மாநிலம் பார்ப்பேன், பெரியப்பா" என்றான். அப்படியானால் மான்பெருக்கத்தைக் குறைப்பது அவன் போவதற்குக் காரணமன்று. போவதற்குக் கிடைத்த துணை.

வில்வேட்டையின் இயல்பை அவன் விளக்கியபோதுதான் நாம் உள்ளபடியே அசைந்தோம். துப்பாக்கிக்காரன் தொலைவிலிருந்து சுடுவான். வில்காரன் இருபது முப்பது கஜத்துக்குள் வந்தாக வேண்டும். மரத்திற் கட்டிய பரணில் இருட்டோடு ஏறி அமர்ந்து, காற்று எப்பக்கம் வீசுகிறதென்று பார்த்து, இருமாமல் அசையாமல் விடியலைக் காத்திருப்பானாம். எந்த மரத்தின் காய் இவ்வாரம் உதிர்கிறது, எந்தத் தடத்தில் மான் நீருக்கு இறங்கும், எந்தப் பறவை எதைக் கண்டு கத்துகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். மூச்சு வருவதும் போவதும் தனக்கே கேட்குமாம். நாம் முப்பது பேரைப் பாய்போட்டு உட்காரவைத்து, மூச்சைக் கவனியுங்கள் என்று சொன்னால், ஐந்து நிமிடத்திற்குள் பாதிப்பேர் கடிகாரத்தைப் பார்க்கின்றனர். இவனோ எவரும் சொல்லாமலே நான்கு மணி நேரம் விழிப்போடு இருக்கத் துணிகின்றான். இந்த விழிப்பைத்தானே நாம் ஊரூராகப் போய்ப் போதிக்கின்றோம்?

நிற்க. அம்பு, குண்டைப்போல் அதிர்ச்சியாற் கொல்வதன்று. முனையிலுள்ள அலகுகள் குருதிநாளங்களை அறுக்க, குருதி வடிந்து விலங்கு சாகின்றது. ஆகவே எய்தவுடன் பின்தொடர்ந்து போகலாகாது. அடிபட்டது மேலும் ஓடிவிடும். அரைமணி நேரமோ அதற்கு மேலோ இருந்த இடத்திலேயே இருந்து, பின் இறங்கி, இலைகளின்மேல் விழுந்த துளிகளைத் தேடிக்கொண்டு செல்ல வேண்டும். "அந்த அரைமணி நேரத்தில் என்ன நினைப்பாய், தம்பி?" என்று கேட்டோம். "நான் இன்னும் எதையும் எய்ததில்லையே" என்றான்.

ஜாதகக் கதைகளிற் சாமனின் கதையை அவனுக்குச் சொன்னோம். காசிக்கருகே ஓர் ஆற்றின் இருகரைகளிலும் இரண்டு வேடர் ஊர்கள். ஓரூரிற் பிறந்த துகூலன், மற்றோரூரிற் பிறந்த பாரிகை ஆகிய இருவரும் வேடர்குடிப் பிள்ளைகளாயிருந்தும் ஓருயிரையும் கொல்ல இசையவில்லை. பெற்றோர் மணம் முடித்து வைத்தனர். இருவரும் ஊரை விட்டு இமயக்காட்டுக்குச் சென்று தவவாழ்வு வாழ்ந்தனர். அவர்கள் மகன் சாமன். பெற்றோர் பாம்பின் நச்சுக் காற்றாற் கண்ணிழந்தபின் அவனே அவர்களைப் பேணினான். அவன் நீர் முகக்கப் போகும்போது மான்கள் அஞ்சாமல் உடன்செல்லும். அக்காட்டுக்கு மான் இறைச்சியை விரும்பித் தனியே வேட்டைக்கு வந்த காசியரசன் பிலியக்கன், சாமனை நஞ்சு தோய்ந்த அம்பால் எய்துவிட்டான். ஏன் எய்தாய் என்று கேட்டபோது, நீ வந்ததனால் மான் ஒன்று அஞ்சி ஓடிற்று, அச்சினத்தால் எய்தேன் என்று பொய் கூறினான். இக்காட்டு மான்கள் என்னைக் கண்டு ஒருநாளும் ஓடியதில்லையே என்றான் அம்பேறுண்டு கிடந்தவன். அரசன் நாணினான். முடிவில் சத்தியவாக்கின் வலிமையாற் சாமன் எழுந்தான், பெற்றோரும் கண்பெற்றனர் என்று கதை முடிகிறது. நமக்கு அம்முடிவினும் தொடக்கமே பெரிது. வேடர் ஊரிற் பிறந்தவர்கள் கொலையை விட்டுக் காட்டைத் தேர்ந்தார்கள். மாளிகையிற் பிறந்தவன் கொலைக்காகக் காட்டைத் தேர்ந்தான். காடு ஒன்றுதான்.

சாமனைப் போல யாவரும் ஆகமுடியுமா என்று கேட்பீர்கள். மணிமேகலை பாடிய சாத்தனார் இக்கேள்வியை அறிந்தவர். அக்காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன், கப்பல் கவிழ்ந்து, நாகர் வாழும் மலையருகே ஒதுங்குகின்றான். ஒதுங்கியவரைக் கொன்று தின்னும் மக்கள் அவர்கள். அவர்கள் மொழியை அறிந்திருந்தமையாற் பிழைத்த சாதுவன், கள்ளும் ஊனும் மறுத்து அறங்கூறுகின்றான். இவற்றை விட்டால் நாங்கள் இங்கே எவ்வாறு வாழ்வது, எங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல் என்கின்றான் தலைவன். கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாதே. மூத்துத் தாமே மடியும் விலங்கன்றி வேறுயிரைக் கொன்று தின்னாதே என்ற அளவில் சாதுவன் அறத்தை வகுத்துத் தருகின்றான். ஊனை முற்றும் விடு என்று அவன் கூறவில்லை. வேளாண்மை அறியாத அம்மலையின் நிலைமையைக் கண்டு கூறினான். அந்தத் தலைவனுக்கு அளித்த சலுகை, தானே கப்பலேறி அம்மலையைத் தேடிப்போய், இங்கே வேறு வழியில்லை என்று சொல்பவனுக்கும் உண்டா?

இப்பொழுது நம் நாக்கு எழாத காரணத்தைக் கூறிவிடுவோம். நாமும் அத்தோழரும் வேலை பார்த்த ஆலை ஒரு காலத்தில் பல மாதம் கதவடைத்துக் கிடந்தது. மளிகைக்கடையிற் கடன் நின்றது. அப்பொழுது தம்பி கைக்குழந்தை. அவன் தாய்க்குப் பால் சுரக்கவில்லை. தோழர் காட்டோரத்தில் ஓர் உறவினர் வீட்டிற் போய்த் தங்கி, கம்பியாற் கண்ணி செய்து, முயல் பிடித்துக் கொண்டுவந்தார். சட்டத்துக்கு மாறானது என்று தெரியும். சீலத்துக்கு மாறானது என்று அன்று தெரியாது. நாம் தம்மத்தைக் கேட்டதே அதன்பின் சில ஆண்டுகள் கழித்துத்தான். அந்தக் குழம்பில் நாமும் இருமுறை கை நனைத்தோம். அதன் சுவை இன்றும் நினைவிருக்கின்றது என்பதையும் எழுதிவிடுகின்றோம். முயற்கறி தின்ற தந்தை, முயற்கறி தின்ற போதகரை அழைத்து, மகனுக்குக் கொல்லாமை சொல்லச் சொல்கின்றார்.

எனினும் நாங்கள் தின்றோம் என்பதனால் அவன் கேள்விக்கு விடையில்லாமற் போய்விடாது. பகவன் வினையைக் கையில் வைக்கவில்லை, எண்ணத்தில் வைத்தார். எய்யும் எண்ணம் எப்பொழுது பிறக்கின்றது? நாணை இழுக்கும் கணத்தில் என்று நாம் எண்ணுகின்றோம். பசித்தவன் கண்ணி வைக்கும்போது அவ்வெண்ணம் மாலையிற் பிறந்து காலையில் முடிந்துவிடுகின்றது. உழவனுக்கோ பன்றி வேலியைத் தாண்டும்போது பிறக்கின்றது. பன்றி போய்விட்டால் அதுவும் போய்விடுகின்றது. ஆனால் வேட்டைக்கென்று மாநிலம் தேர்ந்து, வேலையை மாற்றி, வீட்டுக்கு முன்பணம் கொடுத்து, பிள்ளைகளை அங்குள்ள பள்ளியிற் சேர்ப்பவனுக்கு அவ்வெண்ணம் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றது. சுவரும் கூரையுமாக நிற்கின்றது. அவன் ஒரு பருவத்தில் ஒரு மானையும் எய்யாமற் போகலாம். எண்ணத்தினுள்ளே குடியிருப்பது மாறாது. அவன் மனைவியும் அதனுள்ளேதான் சமைப்பாள். குழந்தைகள் அந்த ஊருக்கு ஏன் வந்தோம் என்று கேட்டால், அவன் சொல்லவேண்டிய விடை ஒன்றே.

தகுந்த தேசத்தில் வாழ்தலை மங்கல சூத்திரம் மங்கலங்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. எனவே ஊரைத் தேர்வதை நாம் குறைகூற மாட்டோம். சங்கொலிக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த நாம், நம் பிள்ளைகள் காற்றும் மரமும் பார்த்து ஊர் தேர்வதைக் கண்டு உள்ளூர மகிழ்கின்றோம். சிறிது பொறாமையும் உண்டு. ஆகவே தம்பியிடம் போகாதே என்று கூறவில்லை. "உன் தாளை எடு. வேட்டைப் பருவம், உரிமக் கட்டணம் என்ற இரண்டு பத்திகளையும் கையால் மூடிக்கொள். மிஞ்சியதை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்துகொள். வில்லையும் எடுத்துக்கொண்டு போ. வைக்கோற்கட்டு எந்த நாட்டிலும் கிடைக்கும். விடியலில் பரணேறி உட்காரவும் யாரும் தடுக்கமாட்டார்கள். மான் இருபது கஜத்துக்குள் வரும், வந்தால் பார்த்துக்கொண்டிரு. அம்பில்லாமல் அந்த விழிப்பு உனக்கு வருகிறதா என்று ஒரு பருவம் சோதித்துப் பார். வரவில்லையென்றால் நமக்கு எழுது, நாமும் அதிலிருந்து கற்றுக்கொள்வோம்" என்றோம்.

அவன் உடனே கையால் மூடிப் பார்த்தான். விஸ்கான்சினின் ஏரிகள் மிஞ்சின. மாண்டானாவின் மலைகள் மிஞ்சின. ஐயோவாவுக்கு எதிரே அதிகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. "நம் ஊரையும் இதில் ஒரு வரி எழுதிப் பார்க்கலாம் போலிருக்கிறதே" என்று சிரித்தான். மூடிய கையை எடுத்த பின்னும் அத்தாளை மடிக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று அவன் தந்தையும் உடனிருந்தார். முயலின் கதையை அதுவரை மகனுக்கு அவர் சொன்னதில்லை; அன்று நாம் இருக்கும்போதே சொன்னார். மகன் கோபிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "நீங்கள் காலையிற் போகும்போது அது உயிரோடு இருந்ததா, அப்பா?" என்று கேட்டான்.

"சிலது இருந்தது" என்றார்.

"என்ன செய்தீர்கள்?"

அவர் விடை கூறவில்லை. முப்பது ஆண்டு இழை ஒட்டிய அவ்விரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனத்துக்குப் பங்குனி முடிவதற்குள் மறுமொழி எழுத வேண்டுமாம். மொட்டைமாடியில் வைக்கோற்கட்டு இருக்கின்றது. விடியுமுன் நாணொலி கேட்கின்றது என்று தோழர் சொல்கின்றார்.